குல்மோகரின் ஐந்தாவது இதழ்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் சிறுவர் பக்கத்தில் பிள்ளைகள் வரைந்து அனுப்பிய பூப் படங்கள் ஒன்பது வந்திருந்தன. காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒன்பதில் எட்டு ஒரே பூதான். நடுவில் மஞ்சள் வட்டம், சுற்றி ஐந்து இதழ், கீழே ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல் ஒரு பச்சைக் காம்பு, காம்புக்கு இந்தப் பக்கம் ஓர் இலை, அந்தப் பக்கம் ஓர் இலை. ரோஜா என்று எழுதியிருந்ததும் அதே, தாமரை என்று எழுதியிருந்ததும் அதே, கலர் மட்டும்தான் வேறு. பிள்ளைகளைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர்கள் அழகாகத்தான் வரைந்திருக்கிறார்கள், கோடு கூட நடுங்கவில்லை. அவர்களுக்கு யாரும் பூவைக் காட்டவில்லை, பூவின் படத்தைத்தான் காட்டியிருக்கிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

என்னைப் பற்றி இரண்டு வரி. பெங்களூரு அல்சூரில் 30 வருடத்துக்கு மேலாக இருக்கிறேன், டெலிபோன் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். 2011-இல் வாட்டர்கலர் கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன். இப்போது சனிக்கிழமை காலையில் எங்கள் தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் வீட்டுக்கு வந்து என்னோடு தரையில் உட்கார்ந்து பூ வரைகிறார்கள். காசு எதுவும் வாங்குவதில்லை.

அதில் ஒருத்தி என் அக்கா பேத்தி. போன ஜூனில் நாலாம் வகுப்புக்குப் போனாள். பள்ளி திறந்த வாரம், தெருமுனைக் குல்மோகர் மரத்தடியில் விழுந்து கிடந்த பூ ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு வந்தாள். ஊரில் இதை மே மாதப் பூ என்போம், மயில்கொன்றை என்றும் சொல்வார்கள். மடக்குத் தட்டில் அதை வைத்து ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தோம். நாலு இதழ் செக்கச் செவேல் என்று இருக்கிறது, ஐந்தாவது மட்டும் வெளுப்பு, அதில் மஞ்சள் தீற்றல், அதன்மேல் யாரோ நுனி பிரஷால் தெளித்ததுபோல் சிவப்புப் புள்ளியும் கோடும். "சின்னப் பாட்டி, இது கெட்டுப்போன பூவா?" என்று கேட்டாள். இல்லை கண்ணு, இன்னும் நாலு எடுத்துப் பார் என்றேன். ஓடிப்போய் ஆறு பொறுக்கி வந்தாள், ஆறிலும் அப்படியே. அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். தினமும் அந்த மரத்துக்குக் கீழேதான் ஸ்கூல் வேன் ஏறுகிறாள்.

அடுத்த வாரம் பள்ளியில் டிராயிங் வகுப்பில் 'பூ வரை' என்றார்களாம். அவள் குல்மோகர் வரைந்தாள், ஐந்தாவது இதழைப் பேப்பர் வெள்ளையாகவே விட்டு, மஞ்சள் தடவி, புள்ளி வைத்தாள். நோட்டு திரும்பி வந்தபோது ஓரத்தில் 'எல்லா இதழுக்கும் கலர் அடிக்கவும்' என்று எழுதி, பத்துக்கு ஐந்து போட்டிருந்தது. அந்த ஆசிரியை மேல் எனக்குக் கோபம் இல்லை, அத்தனை பிள்ளைகளின் நோட்டையும் ஒருவரே பார்க்க வேண்டிய நிலை அவருக்கு. ஆனால் சாயங்காலம் இந்தக் குழந்தை என் எதிரிலேயே உட்கார்ந்து, ஒன்றும் பேசாமல், அந்த வெள்ளை இதழ் மேல் சிவப்பு அடித்தாள் பாருங்கள், அதை என்னால் தாங்க முடியவில்லை. கண்ணால் பார்த்தது தப்பு, அச்சில் இருப்பதுதான் சரி என்று ஒன்பது வயதிலேயே ஒரு பிள்ளை முடிவு செய்துவிட்டது.

அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். உங்கள் சிறுவர் பக்கத்துக்கு ஒரே ஒரு விதி சேருங்கள். பூவையோ செடியையோ நேரில் பார்த்து வரைந்ததாக இருக்க வேண்டும். படத்துக்குக் கீழே எந்தத் தெருவில், எந்தத் தேதியில் பார்த்தது, வீட்டில் அந்தப் பூவுக்கு என்ன பேர் சொல்கிறார்கள் என்று பிள்ளையே தன் கையால் எழுத வேண்டும். படம் கோணலாக இருந்தாலும் பரவாயில்லை, பார்த்தது தெரிந்தால் போடுங்கள்.

போட்டோ பார்த்து வரைந்தால் என்ன கெட்டுப் போச்சு என்று பெற்றோர் கேட்பார்கள், என்னிடமே கேட்டிருக்கிறார்கள். போன வாரம் பிள்ளைகளை எங்கள் பக்கத்துத் தெரு ஜகரண்டா மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போய், என் போனில் ஒரு படம் எடுத்து, அதையும் மரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். மரத்தில் இருந்தது ஊதா, போனில் இருந்தது நீலம். எல்லாரும் கண்ணைக் கசக்கிப் பார்த்தார்கள், ஒரு பையன் போன் கெட்டுப்போச்சு என்றான். கெட்டுப்போகவில்லை, கேமராவுக்கு ஊதா எப்போதுமே கஷ்டம். அதேபோல் செம்பருத்தியை வெயிலில் படம் எடுத்தால் சிவப்பு எல்லாம் ஒரே அப்பலாக அப்பிக்கொள்ளும், இதழில் ஓடும் நரம்பும், ஓர் இதழ் அடுத்த இதழின் மேல் முறுக்கிப் படிந்திருப்பதும் காணாமல் போகும். அந்தப் படத்தைப் பார்த்து வரையும் பிள்ளையும் அப்பத்தான் செய்யும். கையில் பூ இருந்தால் திருப்பிப் பார்க்கலாம், பின்பக்கம் பச்சைப் புல்லி எத்தனை என்று எண்ணலாம், நடுத்தண்டின் நுனியில் ஐந்து சிவப்பு உருண்டை இருப்பதை விரலால் தொடலாம், மகரந்தம் மூக்கில் ஒட்டும். போனில் என்ன ஒட்டும்?

இந்த ஊருக்கு அந்தப் பாக்கியம் நிறைய. லால்பாக் தாவரவியல் பூங்காவுக்கு 1908-இல் பொறுப்பேற்ற க்ரும்பீகல் என்ற ஜெர்மன்காரர், ஒரு மரம் பூத்து ஓயும்போது இன்னொன்று தொடங்குகிற மாதிரி யோசித்து இந்த ஊர்ச் சாலைகளில் மரங்களை நடச் செய்தார். அதனால் இங்கே எந்த மாதம் கேட்டாலும் ஏதோ ஒரு தெருவில் ஏதோ ஒரு மரம் பூத்துக்கொண்டிருக்கும். ஜனவரி தாண்டினால் ரோஸ் டபேபுயா, சிலர் வசந்தராணி என்பார்கள், இலையெல்லாம் உதிர்த்துவிட்டு வெறும் பூவாக நிற்கும். கூடவே மஞ்சள் டபேபுயா. அப்புறம் ஜகரண்டா, புங்கை, சரக்கொன்றை, பூமருது, குல்மோகர் என்று மழை வரும்வரை ஓயாது. மழை முடிந்தால் மரமல்லி. பூமாலை வாங்கக் காசு வேண்டும், நடைபாதையில் கிடக்கிற பூவுக்கு யாரும் காசு கேட்பதில்லை. பறிக்கக் கூடாது, விழுந்ததைத்தான் எடுக்க வேண்டும் என்பது எங்கள் சனிக்கிழமைச் சட்டம், அதைப் பிள்ளைகள் என்னைவிடக் கண்டிப்பாகக் காப்பாற்றுகிறார்கள்.

ஒரு சனிக்கிழமை நடந்ததை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், இடம் அதிகம் எடுத்தால் மன்னியுங்கள். போன ஆகஸ்டில் ஒரு நாள், எல்லாருக்கும் வெள்ளைப் பூ வரைய வேண்டும் என்று சொல்லியிருந்தேன். சோமேஸ்வரர் கோயில் பக்கம் எங்களுக்குப் பழக்கமான பூக்கார அம்மா ஒருவர் இருக்கிறார், தர்மபுரிப் பக்கத்துக்காரர். பிள்ளைகளோடு போய் நின்று, நாலு விதமாகக் கொஞ்சம் கொஞ்சம் உதிரிப் பூ கொடுங்கள் என்றேன். "டீச்சரம்மா, இதுகளுக்கு வித்தியாசம் தெரியுமா?" என்று கேட்டார். ஒரு பிள்ளைக்கும் தெரியவில்லை. எல்லாம் ஜாஸ்மின் என்றார்கள். அந்த அம்மா கீழே ஈரத் துணியை விரித்து நாலு கூறு வைத்தார். "இது குண்டுமல்லி, உருண்டையா இருக்குது பாரு, மூக்கு மழுங்கி இருக்கும். இது முல்லை, சின்னது, ஊசி மாதிரி. இது ஜாதிமல்லி, முதுகைத் திருப்பிப் பாரு, ரோஸ் இருக்குதா? இது காக்கடா, நீட்டமா இருக்கும், வாசனை சும்மா பேருக்குத்தான், காம்பு கிட்ட மயிர் மயிரா இருக்குது பாரு." அஞ்சு நிமிஷ வகுப்பு. கண்ணை மூடிக்கொண்டு தொட்டே சொல்லுவேன் என்றார், ஒரு பையன் நிஜமாகவே சோதித்துப் பார்த்தான், நாலும் சரி.

வீட்டுக்கு வந்து நாலு மொட்டையும் ஒரு நீலத் தட்டில் வரிசையாக வைத்தோம். எல்லாரும் பென்சிலால் வரைந்துவிட்டு பிரஷைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தார்கள். "ஆன்ட்டி, வெள்ளைக்கு என்ன கலர் போடறது?" வாட்டர்கலரில் இதுதான் முதல் பாடம், கடைசிப் பாடமும்கூட. வெள்ளை டியூப் விற்கிறார்கள்தான், ஆனால் அதை மேலே தடவினால் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆகிவிடும், மல்லிகையின் அந்த ஒளி வராது. பேப்பர்தான் வெள்ளை. அதைச் சுற்றி என்ன இருக்கிறதோ அதைத்தான் நாம் வரைகிறோம். மொட்டைத் தொடாமல் சுற்றியிருக்கிற தட்டின் நீலத்தை மெல்லிசாகப் பூசச் சொன்னேன், பூசி முடித்ததும் பேப்பரில் நாலு மொட்டு தானாக எழுந்து நின்றது. "யாருமே வரையலையே, எப்படி வந்தது?" என்று சத்தம் போட்டார்கள்.

அப்புறம் நிழல். மொட்டின் ஒரு பக்கத்தை மட்டும் சுத்தமான தண்ணீரால் நனைத்து, அந்த ஈரத்தின் பளபளப்பு அடங்குகிற நேரம் பார்த்து, நீலமும் ஒரு சொட்டு ஆரஞ்சும் கலந்த மிக மெல்லிய சாம்பலைப் பிரஷ் நுனியால் தொட்டுவிட வேண்டும். அது தானாக ஓடி, தானாக மங்கி நிற்கும். அவசரப்பட்டுத் தண்ணீர் தேங்கியிருக்கும்போதே தொட்டால் எல்லாம் கலைந்து ஓடும். தாமதித்தால் கோடு விழும். பாதி காய்ந்த பிறகு இன்னொரு சொட்டுத் தண்ணீர் பட்டுவிட்டால் ஓரம் சுருண்ட கறை விழுந்து அப்படியே உட்கார்ந்துவிடும். மார்ச் மாத வெயிலில் சில நொடிதான் கிடைக்கும், அந்த ஆகஸ்ட் மழை நாளில் எங்களுக்கு நிறைய நேரம் கிடைத்தது. காம்புக்கு அருகில் குண்டுமல்லிக்குப் பசுமஞ்சள், முல்லைக்கும் அப்படியே, ஜாதிமல்லியின் முதுகில் ஈரத்தில் ஒரு பொட்டு ரோஸ். அந்த ரோஸ் ஈரத்தில் பரவி மொட்டின் வெள்ளைக்குள் போய்க் கரைந்ததைப் பார்த்து ஒரு பெண் குழந்தை மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். படங்களைக் காயவைத்து மத்தியானம் அந்தப் பூக்கார அம்மாவிடம் காட்டினோம். ஒவ்வொரு படத்தையும் எடுத்துப் பார்த்து, இது முல்லை, இது காக்கடா என்று அவரே சொல்லிக்கொண்டு வந்தார். ஒரு படத்தில் மட்டும் நிறுத்தி, "இது குண்டுமல்லி இல்ல, மூக்கு கூரா இருக்குது" என்றார். அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போய்த் திருத்தி வரைந்தது. இதைவிட நல்ல டிராயிங் டீச்சர் எங்கே கிடைப்பார்?

பேர் விஷயம் தனியாகச் சொல்ல வேண்டியது. இந்த ஊரில் நம் பிள்ளைகள் வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் இங்கிலீஷ் என்று மூன்றுக்கும் நடுவில் வளர்கிறார்கள், பூவுக்கு மட்டும் எந்த மொழியிலும் பேர் தெரியாமல் போகிறது. நம் மொழியிலோ ஒரு பூவுக்கே ஏழு பேர் இருக்கிறது: அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல். இதை மனப்பாடம் செய்யச் சொன்னால் ஒரு பிள்ளைக்கும் ஏறாது, மார்க் வாங்கி மறந்துவிடும். ஒரு நாள் எங்கள் மாடியில் படர்ந்திருக்கும் ரங்கூன் மல்லியை மூன்று நாள் தொடர்ந்து வரைந்தோம், சாயங்காலம் வெள்ளையாக விரியும், மறுநாள் ரோஸாகும், அதற்கு மறுநாள் சிவப்பாகித் தலை தொங்கும். மூன்றாம் நாள் கீழே விழுந்து கிடந்ததை எடுத்து, இதற்குத்தான் வீ என்று பேர் என்றேன். இன்றுவரை ஒரு பிள்ளையும் அதை மறக்கவில்லை. இலைக்கும் அப்படித்தான், கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு என்று ஐந்து பருவத்துக்கும் ஐந்து கலர் கலக்க வேண்டும், கலக்கும்போது சொல் மனதில் உட்கார்ந்துவிடுகிறது.

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை அடுக்குகிறார், உங்கள் வாசகர்களுக்கு இது தெரியும். அதில் பல பூக்கள் எவை என்று அறிஞர்களுக்குள் இன்றும் ஒத்த கருத்து இல்லை. பேர் இருக்கிறது, படம் இல்லை. அந்த வரிகளைப் படிக்கும்போதெல்லாம், பக்கத்தில் ஒரே ஒருவர் உட்கார்ந்து வரைந்து வைத்திருக்கக் கூடாதா என்று மனசு அடித்துக்கொள்ளும்.

வரைந்து வைத்தவர்களும் நம் பக்கத்தில் இருந்தார்கள். சுமார் 200 வருடம் முன்பு சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவராக இருந்த ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்துக்காரரிடம் ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு ஓவியர்கள் ஒருவருக்குப் பின் ஒருவராக வேலை பார்த்தார்கள். செடிகளைப் பார்த்து, பூவை அறுத்து, உள்ளே இருக்கும் கேசரம், சூலகம் வரை தனித்தனியாக வரைந்தவர்கள். வைட் வெளியிட்ட 2,000-க்கும் மேற்பட்ட தாவரப் படங்களின் பெரிய தொகுப்பு 1853-இல் முடிந்தது, அதற்குப் பின்னால் இருந்த உழைப்பில் பெரும்பங்கு இந்த இருவரின் கைகளுடையது. வைட் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்துவின் பேரையே வைத்தார். இவர்கள் வரைந்த மூலப் படங்களில் நூற்றுக்கணக்கானவை இன்று எடின்பரோ தாவரவியல் தோட்டத்தில் பத்திரமாக இருக்கின்றன. காய்ந்த செடியை அட்டையில் ஒட்டி வைத்தால் கலர் போய்விடும், அதனால் பூவின் நிறம் என்ன என்று தெரிந்துகொள்ள இந்த மாதிரி ஓவியங்களைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. நம் பிள்ளைகளின் பாடப் புத்தகத்தில் இந்த இரண்டு பேருக்கும் ஒரு பக்கம் கொடுத்தால் என்ன? உங்கள் சிறுவர் பக்கத்திலாவது ஒரு வாரம் எழுதுங்கள்.

பெற்றோருக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் பிள்ளைக்கு வாட்டர்கலர் வரவில்லை என்று கூட்டி வருபவர்களில் முக்கால்வாசிப் பேர் விஷயத்தில் குறை பிள்ளையிடம் இல்லை, பேப்பரில் இருக்கிறது. சாதாரண டிராயிங் பேப்பரில் தண்ணீர் பட்டால் அப்பளம் மாதிரி நெளியும், பள்ளத்தில் கலர் தேங்கும், இரண்டாம் தடவை பிரஷ் பட்டால் நார் நாராக உரியும். எந்த ஓவியர் வந்தாலும் அதில் மல்லிகை வராது. 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனம் உள்ள, பருத்தியில் செய்த வாட்டர்கலர் பேப்பர் வாங்குங்கள். விலை கூடத்தான். ஆனால் 22-க்கு 30 அங்குல முழுத் தாள் ஒன்று வாங்கி நாலுக்கு நாலாக வெட்டினால் 16 துண்டு கிடைக்கும், ஒரு துண்டில் ஒரு பூ தாராளமாக அடங்கும், பின்பக்கத்திலும் வரையலாம். நாற்பது கலர் டப்பாவுக்குக் கொடுக்கிற காசை இதில் போடுங்கள். கலர் மூன்று போதும், ஓர் எலுமிச்சை மஞ்சள், ஒரு ரோஸ், ஓர் அல்ட்ராமரைன் நீலம். ஜகரண்டாவின் ஊதா அந்த ரோஸிலும் நீலத்திலும்தான் இருக்கிறது, வெயில் படும் பக்கம் ரோஸ் கொஞ்சம் தூக்கலாக, நிழல் பக்கம் நீலம் தூக்கலாக. பச்சை டியூபை அப்படியே இலைக்குப் பூசாதீர்கள், கேட்டுக்கு அடித்த பெயின்ட் மாதிரி இருக்கும். மஞ்சளும் நீலமும் கலந்து, ஒரு துளி ரோஸ் சேர்த்துப் பாருங்கள், புங்கை இலையும் வரும், மாந்தளிரும் வரும். எட்டாம் நம்பர் உருண்டை பிரஷ் ஒன்று, பழைய வேட்டித் துணி, வெள்ளைப் பீங்கான் தட்டு, இரண்டு டம்ளர் தண்ணீர். அவ்வளவுதான் செலவு.

ரோஸ் வாங்கும்போது மட்டும் ஜாக்கிரதை. 2014-இல் நான் ஒரு டபேபுயா மரம் வரைந்து, பிரேம் போட்டு, கிழக்கு ஜன்னலுக்கு எதிரில் மாட்டினேன். பளிச்சென்று கண்ணைப் பறிக்கிற ரோஸ் ஒன்று கடையில் கொடுத்தார்கள், அதில் வரைந்தது. இரண்டு வருடத்தில் பூ எல்லாம் போய், சாம்பல் கிளை மட்டும் நின்றது. வீட்டுக்கு வந்தவர்கள் பட்ட மரத்தை ஏன் வரைந்தீர்கள் என்று கேட்டார்கள். நல்ல கம்பெனி டியூப்களில் உள்ளே இருக்கும் நிறமியின் எண் பொடி எழுத்தில் இருக்கும். ரோஸில் பிவி 19 என்று இருந்தால் அது குயினாக்ரிடோன், வெயிலைத் தாங்கும். பிஆர் 83 என்றால் அலிசரின், மங்கிப்போகும். எண்ணே போடாத டியூபைப் பிள்ளைகள் பழகுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள், சுவரில் மாட்டுகிற படத்துக்கு வேண்டாம்.

இன்னொன்றும் இருக்கிறது, இதை நீங்கள் எழுதினால்தான் காதில் விழும். போன நவம்பரில் பிள்ளைகளை நகரத்தின் ஒரு பெரிய பூங்காவுக்கு மந்தாரை வரையக் கூட்டிப் போனேன். மரத்தடியில் பாய் விரித்து, டம்ளரில் தண்ணீர் ஊற்றியதும் காவலாளி வந்துவிட்டார். பெயின்டிங் எல்லாம் இங்கே கூடாது, பர்மிஷன் லெட்டர் இருந்தால் காட்டுங்கள் என்றார். பூவைப் பறிக்கவில்லை, புல்லை மிதிக்கவில்லை, கலர்த் தண்ணீரைக்கூட வீட்டுக்கே எடுத்துப் போகிறோம் என்று கன்னடத்தில் எவ்வளவோ சொன்னேன். அவரும் உத்தரவுக்குக் கட்டுப்பட்டவர், என்ன செய்வார். எங்களுக்குப் பக்கத்திலேயே கல்யாண போட்டோ எடுப்பவர்கள் பூங்கொத்துக் கிளையை வளைத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பிள்ளைகள் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்தார்கள். பொதுப் பூங்காவில் தரையில் உட்கார்ந்து ஒரு துண்டுப் பேப்பரில் வரைவதற்கு எந்த அனுமதியும் தேவையில்லை என்று ஒரு வரி, எல்லாப் பூங்கா வாசலிலும் கன்னடத்தில் எழுதி வைத்தால் போதும். ஜனவரியிலும் ஆகஸ்டிலும் லால்பாகில் மலர்க் கண்காட்சிக்குக் கூட்டம் அலைமோதுகிறது, அவ்வளவு பூப் பிரியர்கள் உள்ள ஊர் இது, ஒரு குழந்தை பூவைப் பார்த்து உட்கார இடம் இல்லாமலா போகும்?

விதி போட்டால் படங்கள் குறைந்துவிடும் என்று உங்கள் அலுவலகத்தில் யோசிக்கலாம். முதல் இரண்டு வாரம் குறையும். அதற்கும் வழி இருக்கிறது, அந்தந்த வாரம் எந்தப் பூ தெருவில் கிடைக்கும் என்று நீங்களே ஒரு வரி போட்டுவிடுங்கள், பெங்களூருக்கு ஒன்று, சென்னைக்கு ஒன்று. படம் போடாதீர்கள், பேர் மட்டும். படம் போட்டால் அதைத்தான் பார்த்து வரைவார்கள். பெங்களூருப் பட்டியலை ஒரு வருடத்துக்கு நான் எழுதித் தருகிறேன், எனக்கு எந்தச் சன்மானமும் வேண்டாம்.

இப்போது மார்ச். எங்கள் தெருமுனைக் குல்மோகரில் இலை முக்கால்வாசி உதிர்ந்து, போன வருடத்துக் கறுப்புக் காய்கள் வாள் மாதிரித் தொங்குகின்றன, காற்றடித்தால் உள்ளே விதை கலகலவென்று ஆடுகிறது. அக்கா பேத்தி தினமும் வேன் ஏறுமுன் அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் ஏறுகிறாள். பேப்பரை இப்போதே வெட்டி, நோட்டுக்குள் வைத்திருக்கிறாள். ஏப்ரல் கடைசியில் முதல் பூ விழும் என்று சொல்லியிருக்கிறேன். விழுந்த அன்றைக்கே வரைந்து, தேதியும் தெருவும் பேரும் எழுதி உங்களுக்கு அனுப்புவோம். ஐந்தாவது இதழ் வெள்ளையாகத்தான் இருக்கும். கலர் விட்டுப்போயிருக்கிறது என்று நினைத்து யாரும் சரி செய்துவிடாமல், அப்படியே அச்சில் வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
அல்சூர் வாசகி,
பெங்களூரு.